அடுத்த ப்ளே யார் சொல்வது?

தமிழ் வாசகர்கள் பலருக்கு அயோவா சிட்டி அசோகமித்திரன் மூலம் தெரிந்த ஊர். 1973ல் இங்குள்ள பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு வந்து தங்கிய அனுபவம்தான் பிறகு 'ஒற்றன்!' ஆயிற்று. அவர் வந்த அந்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணி ஆடிய 11 ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு வெற்றிகூட இல்லாத பருவம் அதற்குப் பிறகு இந்த ஊருக்கு வந்ததில்லை. ஆனால் அணி ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரு விவாதம் மட்டும் ஓய்வதில்லை. அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் யாராக இருக்க வேண்டும் என்பதுதான் அது.

நம்மிடம் பந்து இருக்கும்போது அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்கிறவர் அவர். நான்கு முயற்சிக்குள், அதாவது நான்கு டவுனுக்குள், பத்து யார்டு முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் ஒரு ப்ளே சொல்லியாக வேண்டும். ஓடுவதா, எறிவதா, எந்தப் பக்கம், யாருக்கு? ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது தடவை இப்படி. அவர் சொன்னதை மைதானத்தில் நிறைவேற்றுகிறவன் பத்தொன்பது இருபது வயதுக் கல்லூரிப் பையன். சரியாகப் போனால் பையனுக்குப் பெயர். தப்பாகப் போனால் கின்னிக் ஸ்டேடியத்தில் இருக்கும் 69,000 பேரும் கோஆர்டினேட்டரைத்தான் திட்டுவார்கள்.

இதற்குப் போய் இவ்வளவா என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். அயோவாவில் 32 லட்சம் பேர் இருக்கிறார்கள். பெரிய தொழில்முறை அணி ஒன்றுகூடக் கிடையாது. சோளமும் சோயாவும் பயிராகும் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பி வருகிறார்கள். ஸ்டேடியத்துக்குப் பெயர் தந்த நைல் கின்னிக் 1939ல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர். 1943ல் கடற்படைப் பயிற்சியின்போது விமானம் விழுந்து இறந்தார். முதல் கால் ஆட்டம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து, எதிரே இருக்கும் குழந்தைகள் மருத்துவமனையின் மேல்மாடி ஜன்னல்களைப் பார்த்துக் கையாட்டும். வந்திருக்கும் எதிரணிக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். 2017ல் தொடங்கிய வழக்கம். இப்படி ஓர் அணியைத் தன் வீட்டுப் பிள்ளையாக நினைக்கிற ஜனங்கள் அந்த அணியைப் பற்றிப் பேசும்போது, அதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

நான் மேற்படிப்புக்கு இங்கே வந்தது 2004ல். இந்த ஆட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஒரு சின்ன ஊர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகவும் ஃபுட்பால் பயிற்சியாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கராஜில் ஒரு பழைய ரேடியோ எப்போதும் டபிள்யூ.ஹெச்.ஓ.வில் நிற்கும். 1930களில் ரொனால்ட் ரீகன் விளையாட்டு வர்ணனை செய்த டெ மாய்ன் நிலையம் அது. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் போன் போட்டுக் கொட்டித் தீர்ப்பார்கள். அந்த நாட்களில் திட்டு முழுக்க ஒரே ஆளுக்குத்தான். அவர் கென் ஓகீஃப். கர்க் ஃபெரன்ட்ஸ் 1999ல் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது கூடவே வந்த கோஆர்டினேட்டர். முதல் டவுனில் ஓட்டம், இரண்டாவது டவுனில் ஓட்டம், மூன்றாவதில் வேறு வழியில்லாமல் ஒரு பாஸ். அடுத்த ப்ளே என்னவென்று என் பாட்டிக்கே தெரியும் என்று ரேடியோவில் ஒருவர் கத்துவார்.

பெரியவர் கத்த மாட்டார். கராஜின் சிமென்ட் தரையில் சாக்பீஸால் ஐந்து வட்டம் போடுவார். முன்வரிசையில் நின்று தடுக்கும் ஐந்து லைன்மேன்கள். ஓகீஃபும் ஃபெரன்ட்ஸும் உயிராக நம்பிய அவுட்சைட் ஸோன் ஓட்டத்தை அங்கேதான் நான் புரிந்துகொண்டேன். ஐந்து பேரும் ஒரே பக்கமாக, ஒரே நேரத்தில், ஒரே அளவு அடி எடுத்து வைக்க வேண்டும். எதிரே நிற்கிறவனை முட்டித் தள்ளுவது நோக்கமில்லை. அவனை அவன் போக விரும்பும் பக்கமே கொண்டுபோவதுதான் நோக்கம். பின்னால் பந்தோடு வருகிறவன் அவசரப்படக் கூடாது. எங்கேயாவது ஒரு சந்து திறக்கும். திறந்ததும் ஒரே காலூன்றல், ஒரே வெட்டு, உள்ளே. அந்த ஒரு காலூன்றலை எழுபது வயதில் கராஜுக்குள் செய்து காட்டினார். கையில் பந்துக்குப் பதிலாக ஒரு மஞ்சள் பெயின்ட் டப்பா.

"இது பழசுன்னு சொல்றாங்க. இதைச் சரியாச் செய்ய ஆள் பிடிக்கறதுதான் கஷ்டம். பழசு புதுசுங்கறது பேச்சு" என்றார்.

ஓகீஃபின் கணக்கில் நல்லதும் இருந்தது. 2002ல் அவருடைய குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர், பிராட் பேங்க்ஸ் ஹைஸ்மன் விருதில் இரண்டாவதாக வந்தார். 2005 ஜனவரி 1 அன்று கேப்பிட்டல் ஒன் பௌல் ஆட்டத்தின் கடைசி ப்ளேயில் ட்ரூ டேட் எறிந்த 56 யார்டு பந்தை வாரன் ஹாலோவே பிடித்து லூசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யு.) அணியை 30-25 என்று தோற்கடித்ததை இங்கே இன்றும் கண் விரியச் சொல்வார்கள். ஆனாலும் திட்டு நிற்கவில்லை.

2012 பிப்ரவரியில் ஓகீஃப் மயாமி டால்ஃபின்ஸ் அணிக்குப் போய்விட்டார். கேட்டுக்கொண்டிருந்த மாற்றம் கிடைத்துவிட்டது. அடுத்த சில வாரங்கள் இந்த ஊர் முடிவெட்டும் கடையிலும், ஹாம்பர்க் இன்னின் காலை உணவு மேஜைகளிலும், கேஸீஸ் பெட்ரோல் பங்க்கின் காபி மிஷின் பக்கத்திலும் அந்த விவாதம்தான். ஒரீகன் அணி போல மின்னல் வேகத்தில் ஆட வேண்டும் என்றார்கள் சிலர். உள்ளே இருக்கிறவர்களையே மேலே கொண்டுவந்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான் என்றார்கள் வேறு சிலர். ஃபெரன்ட்ஸுக்கு முன் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஹேடன் ஃப்ரையின் காலத்து பில் ஸ்னைடரை ஏக்கத்தோடு நினைத்தார்கள் வயதானவர்கள். 1979 முதல் 1988 வரை இங்கே கோஆர்டினேட்டராக இருந்து, பிறகு தோல்விக்கே பேர்போன கான்சஸ் ஸ்டேட் அணியை நிமிர்த்தியவர் அவர். ஃப்ரை அவரை நம்பி ஆட்டத்தை அவர் கையில் விட்டார், அதனால்தான் ஸ்னைடர் ஸ்னைடர் ஆனார் என்று பெரியவர் சொன்னது எனக்கு மனதில் தங்கியது. அன்றைக்கு எல்லாருடைய பேச்சும் மைதானத்துக்குள்ளேயே இருந்தது. என்ன ஆடுவது, எப்படி ஆடுவது, எந்தப் பையனை எங்கே நிறுத்துவது. ஒருவர்கூடச் சம்பளத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

வந்தவர் கிரெக் டேவிஸ். டெக்சாஸில் 1998 முதல் 2010 வரை கோஆர்டினேட்டர். வின்ஸ் யங்கை வைத்து 2005 பருவத்தின் தேசிய சாம்பியன் பட்டம் வென்ற அணியில் ப்ளே சொன்னவர். முதல் வருஷமே 4 வெற்றி, 8 தோல்வி. மூன்றாவது டவுனில் எட்டு யார்டு தேவை என்றால் ஐந்து யார்டுக்குப் பந்து எறியச் சொல்கிறார் என்று புகார் கிளம்பியது. ஓகீஃபே தேவலை என்று, ஓகீஃபைத் துரத்தச் சொன்ன அதே குரல்கள் சொல்லின. பிறகு 2015 வந்தது. அதே டேவிஸ், அதே புத்தகம். அணி பருவத்தின் 12 ஆட்டங்களையும் ஜெயித்து, தான் ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் இறுதியில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 16-13 என்று நூலிழையில் தோற்றது. அந்த ஆண்டு டேவிஸை மாற்றச் சொல்லி யாரும் போன் போடவில்லை.

2017ல் டேவிஸ் ஓய்வு பெற்றதும் பதவி தலைமைப் பயிற்சியாளரின் மகன் ப்ரயன் ஃபெரன்ட்ஸிடம் வந்தது. அப்பாவுக்குக் கீழே மகன் நேரடியாக வேலை பார்க்கக் கூடாது என்பது பல்கலைக்கழக விதி. அதனால் மகன் விளையாட்டுத் துறை இயக்குநருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று காகிதத்தில் ஏற்பாடு செய்தார்கள். அன்றைக்கு அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. அந்த நவம்பர் 4ஆம் தேதி ஒஹையோ ஸ்டேட்டை 55-24 என்று நொறுக்கினால் யார் விதியைப் பற்றிப் பேசுவார்கள்? தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் 2019 என்.எஃப்.எல். டிராஃப்டின் முதல் சுற்றிலேயே அவருடைய இரண்டு டைட் எண்ட்கள், ஹாக்கன்சனும் ஃபான்ட்டும், போனார்கள். கூடவே குவாட்டர்பேக் பயிற்சியாளராகத் திரும்பி வந்திருந்தவர் யார் தெரியுமா? கென் ஓகீஃப்தான். 2021 பருவத்துக்குப் பிறகு அவர் ஓய்வு பெற்றபோது ஊரே வருத்தப்பட்டது.

அதற்கப்புறம் நடந்ததை நான் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 2022 செப்டம்பர் 3, சௌத் டகோட்டா ஸ்டேட்டோடு முதல் ஆட்டம். 7-3 என்று ஜெயித்தோம். ஏழு என்றால் ஒரு டச்டவுனும் கூடுதல் புள்ளியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. ஒரு ஃபீல்ட் கோலுக்கு மூன்று; எதிரணியை அவர்கள் எல்லைக் கோட்டுக்குள்ளேயே மடக்கிய இரண்டு சேஃப்டிகளுக்கு நான்கு. தடுப்பாட்டக்காரர்கள் சம்பாதித்துக் கொடுத்த புள்ளிகள் அவை. அந்தப் பருவம் முழுக்க சராசரி 17.7 புள்ளிகள்.

2023 தொடக்கத்தில் ப்ரயனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சம்பளம் 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமாகக் குறைந்தது. அணி ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும், 7 ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும் என்று எழுதினார்கள். தடுப்பாட்டமும், எதிரணி உதைத்தனுப்பும் பந்தைத் திரும்ப ஓடிக் கொண்டுவரும் பன்ட் ரிட்டர்னும் எடுத்துக் கொடுக்கும் புள்ளிகளும் கணக்கில் சேரும். 13 ஆட்டத்துக்கு 325. நாடு முழுக்க அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

பெரியவர் அதற்குள் மகள் வீட்டோடு போய்விட்டார். பக்கத்து வீட்டில் இப்போது அவருடைய பேரன், பொறியியல் படித்த கெட்டிக்காரப் பையன். கராஜில் ரேடியோ இல்லை, சுவரில் டிவி. தாத்தா வட்டம் போட்ட இடத்தில் நின்றுகொண்டு பேரன் தன் போனில் இருக்கும் அட்டவணையைக் காட்டுவான். இதுவரை எவ்வளவு, இன்னும் எவ்வளவு தேவை, ஆட்டத்துக்கு எத்தனை யார்டு, 133 அணிகளில் நாம் எத்தனையாவது. மூன்றாவது டவுனில் என்ன ப்ளே சொன்னார்கள் என்று நான் கேட்டால் அவனுக்கு நினைவிருக்காது. அவனைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒப்பந்தத்திலேயே ஆட்டத்தை ஓர் எண்ணாகச் சுருக்கி எழுதிய பிறகு ரசிகன் வேறெதைப் பார்ப்பான்? அந்த ஷரத்து இந்த ஊரின் ஃபுட்பால் பேச்சைக் கெடுத்தது என்றே நான் நினைக்கிறேன்.

அந்தப் பருவத்தில் கூட்டம் மனசார எழுந்து நின்று கைதட்டியது பன்ட் உதைக்கிறவருக்கு. டோரி டெய்லர், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன்காரர். நான்காவது டவுனில் நம் தாக்குதல் தோற்றுப்போய் வெளியேறும்போது, அவர் உள்ளே வந்து பந்தை எதிரணியின் மூலைக்கு அனுப்புவார். 2023ல் 93 பன்ட், 4,479 யார்டு. ஒரே பருவத்தில் அவ்வளவு தூரம் உதைத்தவர் கல்லூரி ஆட்ட வரலாற்றில் இல்லை. பன்ட் உதைப்பதே வெற்றி என்று அச்சடித்த டிஷர்ட்கள் அவர் பெயரில் விற்றன. வெளிநாட்டு மாணவர் விசாவில் இருந்ததால் அந்தப் பணத்தை அவர் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அது தொண்டுக்குப் போனது. எஃப்-1 விசாவில் இதே ஊரில் காலம் தள்ளிய எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டானதில் ஆச்சரியமில்லை.

2023 அக்டோபர் 30. அணி 6 வெற்றி, 2 தோல்வியோடு இருக்கிறது. இடைக்கால விளையாட்டுத் துறை இயக்குநர் பெத் கெட்ஸ், பருவம் முடிந்ததும் ப்ரயன் தொடர மாட்டார் என்று அறிவித்தார். அணி அதற்குப் பிறகும் ஜெயித்துக்கொண்டே போனது. மொத்தம் 10 வெற்றி, பிக் டென் மேற்குப் பிரிவில் முதலிடம். அதே அணி தாக்குதல் யார்டுகளில் நாட்டிலேயே கடைசி, சராசரி 15.4 புள்ளி. தடுப்பாட்டக் கோஆர்டினேட்டர் ஃபில் பார்க்கருக்கு நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான ப்ராய்ல்ஸ் விருது கிடைத்தது. பிக் டென் இறுதியில் மிச்சிகனிடம் 26-0. சிட்ரஸ் பௌலில் டென்னசியிடம் 35-0.

அந்தக் குளிர்காலம் முழுக்க மறுபடி விவாதம். விஸ்கான்சின் முன்னாள் தலைமைப் பயிற்சியாளர் பால் கிறிஸ்டைக் கொண்டுவர வேண்டும் என்று ஒருவர். கான்சஸில் அசத்திக்கொண்டிருந்த ஆண்டி கோட்டெல்னிக்கி என்று இன்னொருவர்; அவரோ பென் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். இளைஞன் வேண்டும், கிழவர் வேண்டாம், ஃபெரன்ட்ஸுக்குத் தெரிந்தவர் வேண்டவே வேண்டாம். ஜனவரி முடியும் தறுவாயில் டிம் லெஸ்டர் பெயர் வந்தது. வெஸ்டர்ன் மிச்சிகனில் ஆறு பருவம் தலைமைப் பயிற்சியாளராக இருந்து 2022க்குப் பிறகு வேலை இழந்து, ஒரு வருஷம் க்ரீன் பே பாக்கர்ஸில் ஆட்ட ஆய்வாளராக இருந்தவர். இவரா என்று பேரன் முகம் சுளித்தான்.

2024ல் சராசரி 27.7 புள்ளியாக ஏறியது. கேலப் ஜான்சன் 1,537 யார்டு ஓடி 21 டச்டவுன் போட்டார். எப்படி ஓடினார்? லெஸ்டர் பாக்கர்ஸிலிருந்து கொண்டுவந்தது இன்றைய என்.எஃப்.எல். கொண்டாடும் முறை. அதன் அஸ்திவாரம் அவுட்சைட் ஸோன். ஐந்து பேரும் ஒரே பக்கமாக ஒரே அடி. பின்னால் வருகிறவன் பொறுமையாகப் போய் ஒரே வெட்டு. பந்து கிளம்புவதற்கு முன்னால் ஆட்டக்காரர்களை இடம் மாற்றி எதிரணியைக் குழப்புவது மட்டும் அதிகமாகியிருந்தது. ஓகீஃப் காலத்தில் பழசு என்று ரேடியோவில் கிழித்துத் தொங்கவிட்ட அதே ஓட்டத்தை, புதுமை வந்துவிட்டது என்று எழுந்து நின்று வரவேற்றது கின்னிக். நான் போன் போட்டுப் பெரியவரிடம் சொன்னேன். லெஃப்ட் டேக்கிளின் முதல் அடியைப் பார்த்தாயா என்றுதான் கேட்டார்.

இருபது வருஷம் இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 1979 முதல் இன்றுவரை இந்த அணிக்கு ஃப்ரை, ஃபெரன்ட்ஸ் என்று இரண்டே தலைமைப் பயிற்சியாளர்கள். 2025 செப்டம்பரில் ஃபெரன்ட்ஸ் பிக் டென் வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளராக வுடி ஹேய்ஸைத் தாண்டினார். அந்த நாற்காலி அசையாது. அசைய வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. பந்தைப் பத்திரமாக வைத்துக்கொள், தவறு செய்யாதே, வேண்டுமானால் பன்ட் உதை, தடுப்பாட்டம் பார்த்துக்கொள்ளும் என்பது அவருடைய வழி. அதை வைத்துத்தான் அவர் இவ்வளவு ஜெயித்திருக்கிறார். அந்த வழி பிடிக்காதபோது அவரை நேரே கேட்க ரசிகர்களுக்கு மனம் வருவதில்லை, கோஆர்டினேட்டரைக் கேட்கிறார்கள். ஓகீஃப், டேவிஸ், ப்ரயன் மூவரும் வாங்கிய அடியில் பாதி அவர்களுக்கு உரியதே அல்ல.

அதே சமயம், கேட்க வேண்டிய வேறு கேள்விகள் கேட்கப்படவில்லை. 2020 கோடையில் கறுப்பின முன்னாள் ஆட்டக்காரர்கள் பலர் இந்த அணியில் தாங்கள் நடத்தப்பட்ட விதத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்களில் சிலர் தொடர்ந்த வழக்கு 2023 மார்ச்சில் 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசமானது. அதைப் பற்றிக் காபி மிஷின் பக்கத்தில் நான் கேட்ட பேச்சு, 325 என்ற எண்ணைப் பற்றிக் கேட்ட பேச்சில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இந்தப் பதவி மறுபடி காலியாகும். எல்லா ஊரிலும் ஆகிறது. அப்போது பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருமுன் தலைமைப் பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள். வருகிறவருக்கு எவ்வளவு உரிமை கொடுப்பீர்கள்? நான்காவது டவுனில் ஒரு யார்டு தேவை, ஆட்டம் சமநிலை, அப்போது யார் சொல்வது நடக்கும்? அதற்குப் பதில் வராதவரை எந்தப் பெயரைச் சொல்லியும் பயனில்லை. யார் வந்தாலும், கோஆர்டினேட்டர் மேல் இருக்கும் கோபத்தை மைதானத்தில் நிற்கும் பையன்கள் மேல் கூச்சலாகக் காட்டாதீர்கள். 2022லும் 2023லும் கின்னிக்கிலேயே அந்தக் கூச்சலைக் கேட்டேன். அவர்கள் இன்னும் பரீட்சை எழுதுகிற மாணவர்கள். சொல்லிக் கொடுத்த ப்ளேயைத்தான் ஆடுகிறார்கள்.